மஞ்சள் பின்னுக்கு ஒரு டி.வி.

எங்கள் வீட்டு டி.வி.யின் முதுகை நான் முதன்முதலாகப் பார்த்தது போன ஆவணியில்தான். ஐம்பத்தைந்து அங்குலம், சுவரோடு சுவராக மாட்டியது. மூன்று வருஷமாக அதன் முகத்தைத் தினமும் பார்க்கிறோம், முதுகுப் பக்கம் யாரும் போனதில்லை. கன்னத்தைச் சுவரில் ஒட்டி, செல்போன் லைட்டை அடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு இடுக்கில் எட்டிப் பார்த்தேன். தட்டையான வாய் இரண்டு, பென் டிரைவ் செருக ஒன்று, கேபிள் வயருக்கு ஒன்று, இன்டர்நெட் வயருக்கு ஒன்று. நான் தேடிய மூன்று வட்ட ஓட்டைகள், மஞ்சள் வெள்ளை சிவப்பு, எங்கேயும் இல்லை. கன்னத்தில் சுண்ணாம்பு ஒட்டியதுதான் மிச்சம்.

"பல்லி தேடுதியா?" என்று கேட்டார் என் கணவர்.

நான் தேடிக்கொண்டிருந்தது என் கல்யாணத்தை. அது ஒரு சின்ன கேசட்டில் இருந்தது. அந்த கேசட் ஒரு பழைய கேமராவில் மட்டும்தான் ஓடும். கேமராவிலிருந்து வெளியே வரும் வயரின் நுனியில் மூன்று பின்கள். வெள்ளையும் சிவப்பும் சத்தத்துக்கு, மஞ்சள் படத்துக்கு. அந்த மஞ்சள் பின்னைச் செருக எங்கள் வீட்டில் ஓட்டை இல்லை.

இது ஏன் இவ்வளவு பெரிய விஷயமாகிவிட்டது என்று சொல்லிவிடுகிறேன். தை மாதம் மகனுக்குக் கல்யாணம் வைத்திருந்தோம். அழைக்க வேண்டியவர்களில் முதல் ஆள் என் கணவரின் அக்கா. வள்ளியூரில் இருக்கிறார். நான் மதினி என்று கூப்பிடுவேன், கூப்பிடும் தூரத்தில் அவர் இருந்தவரை. இருபத்தாறு வருஷத்தில் எங்கள் வீட்டுப் படியை அவர் மிதித்தது ஒரே ஒரு தடவை, என் மாமியார் இறந்த அன்றைக்கு. வந்தார், தாயின் கால்மாட்டில் கொஞ்ச நேரம் நின்றார், யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் பஸ் ஏறிவிட்டார்.

எல்லாம் ஒரு முடிச்சால் வந்தது. எங்களவர் கல்யாணத்தில் தாலியின் முதல் முடிச்சை மாப்பிள்ளை போடுவார். மற்ற இரண்டையும் அவருடைய கூடப்பிறந்தவள், அதாவது பெண்ணுக்கு நாத்தனார், பின்னால் நின்று போட வேண்டும். அது அவளுடைய உரிமை. அதற்கென்று தனியாகப் பட்டுச்சேலை எடுப்பார்கள், தனி மரியாதை உண்டு. என் கல்யாணத்தில் அந்த இரண்டு முடிச்சையும் போட்டது யார் என்பதில்தான் சண்டை. தன்னைப் போடவிடவில்லை, பெரியப்பா மகளை வைத்துப் போட்டுவிட்டார்கள் என்றார் மதினி. நீதான் போட்டாய், நான் பக்கத்திலேயே நின்றேன், நல்ல நாளும் அதுவுமாகக் கலகம் பண்ணாதே என்றார் மாமியார். முதல் பந்தி எழுந்திருப்பதற்குள் மண்டபம் இரண்டு கட்சியாகிவிட்டது. மாமியார் நேராக என்னிடம் வந்தார். மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்த என்னிடம் அத்தனை பேர் முன்னாலும் கேட்டார்.

"உன் கழுத்துல முடிச்சுப் போட்டது யாரு? நீயே சொல்லு."

"மதினிதான்" என்றேன்.

இந்த இடத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். கணவரின் அக்கா எனக்கு மதினி. அவருடைய பெரியப்பா மகளும் எனக்கு மதினிதான். அந்த ஒரு சொல்லில் இரண்டு பேரும் தாராளமாக உட்காரலாம். மாமியார் அதைத் தன் மகள் என்று எடுத்துக்கொண்டார், மண்டபமும் அப்படியே எடுத்துக்கொண்டது, முதல் முடிச்சுப் போட்டதும் வேறு பக்கம் திரும்பிவிட்ட என் கணவரும்தான். நான் யாரையும் திருத்தவில்லை. தலை குனிந்திருந்தது, எதையும் பார்க்கவில்லை, பிடரியில் யாருடைய விரலோ பட்டது, ஏதோ ஒரு மதினி. இத்தனை வருஷமும் எனக்கு நானே இப்படித்தான் சொல்லிக்கொண்டு வந்தேன். அந்தப் பெரியப்பா மகளோ, யார் கேட்டாலும் "எனக்கு எதுக்கு வம்பு" என்று நழுவிவிடுவார். இப்போது அவரும் இல்லை.

ஆவணியில் என் கணவர் அக்காவுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். மதினி முழுவதையும் கேட்டுவிட்டு, நிதானமாகப் பேசினார்.

"அன்னைக்கு அமெரிக்காவுல இருந்து வந்த மாமா மகன் கேமராவுல எடுத்தான்லா? அந்த கேசட்டப் போட்டுக் காட்டுங்க. நான் முடிச்சுப் போட்டிருந்தா வாரேன், உங்க ரெண்டு பேர் கிட்டயும் மன்னிப்புக் கேக்கேன். போடலைன்னா நீங்க கேளுங்க. அதுக்கு அப்புறம் பத்திரிகையைப் பத்திப் பேசலாம்."

மண்டபத்து வீடியோக்காரர் எடுத்தது எங்களிடம் உண்டு. தாலி கட்டும் நேரத்தில் அதில் ஒரு கோட்டுப் போட்ட முதுகு மட்டும்தான் தெரியும், இரண்டு நிமிஷத்துக்கு. மாமா மகன் மேடையின் மூலையிலிருந்து எடுத்தது வேறு. அவர் ஊருக்குத் திரும்பும்போது, அடுத்த மாடல் வாங்கப் போகிறேன் என்று கேமராவையும் கேசட்டையும் எங்களுக்கே கொடுத்துவிட்டுப் போனார். அன்றைக்கே எங்களுடைய பழைய குண்டு டி.வி.யில் போட்டுப் பார்த்தோம். படம் நிற்காமல் மேலே மேலே உருண்டுகொண்டே இருந்தது. கேமரா கெட்டுவிட்டது என்று துணி சுற்றி பீரோவில் வைத்தோம். இப்போது எடுத்து மின்சாரம் கொடுத்தால் முதல் தட்டிலேயே சிவப்பு விளக்கு எரிகிறது. கண்ணை ஒட்டிப் பார்க்கும் துவாரத்தில், புளியங்கொட்டை அளவில் கறுப்பு வெள்ளையில் படமும் ஓடுகிறது. அதில் ஆள் தெரியும், அடையாளம் தெரியாது.

நான் பாளையங்கோட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். எது ஒன்றையும் ஏன் என்று கேட்காமல் விட முடியாத சுபாவம் எனக்கு, அதனால் வீட்டில் அவ்வளவு நல்ல பெயர் கிடையாது. மஞ்சள் ஓட்டை ஏன் இல்லாமல் போனது என்று தெரிந்துகொள்ளாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வண்ணார்பேட்டையில் ஒரு பெரிய கடைக்குப் போனேன். வரிசையாக முப்பது நாற்பது டி.வி. எல்லாவற்றிலும் ஒரே கிளி ஒரே நேரத்தில் பறந்தது.

"எல்லாமே ஸ்மார்ட் டி.வி. மேடம். பேசினா கேக்கும்" என்றார் விற்பனையாளர்.

"பேச வேண்டாம் தம்பி. முதுகைக் காட்டுங்க."

அவர் சிரித்தார். பிறகு நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் ஒவ்வொன்றாக நகர்த்திக் காட்டினார். நான் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டே போனேன். டி.வி. வாங்க வந்த ஓர் அம்மாள் இதைக் கவனித்துவிட்டு, "பின்னால என்னம்மா பாக்கிய? ஏதும் குறை இருக்குமோ?" என்று கேட்டு, அவரும் என்னோடு குனிய ஆரம்பித்தார். கொஞ்ச நேரத்தில் அவர் வீட்டுக்காரரும் குனிந்தார். விலை ஏற ஏற ஓட்டை குறைந்துகொண்டே போவதை அங்கேதான் கண்டுபிடித்தேன். கடைசி மூலையில், விலை குறைந்த சின்ன டி.வி. ஒன்றின் இடுப்பில் கறுப்பாக ஒரு சிறிய துளை. பக்கத்தில் ஏ.வி. இன் என்று எழுதியிருந்தது.

"அது ஹெட்போன் போட மேடம்."

"இன்னுன்னா உள்ள வாரதுதானே? ஹெட்போனுக்கு அவுட்டுன்னுல்லா போட்டிருக்கணும்?"

அவர் தன் ஹெட்போனையே எடுத்துச் செருகிப் பார்த்தார். காதைப் பொத்திக்கொண்டு நின்றார். ஒன்றும் கேட்கவில்லை. மூன்று பழைய ஓட்டைகளையும் அந்த ஒரு துளைக்குள் அடக்கியிருக்கிறார்கள் என்று இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. அதற்குத் தனியாக ஒரு குட்டி வயர் வேண்டும், அது பெட்டியில் வருவதில்லை, எந்த வயரைப் போட்டாலும் சரிப்படும் என்ற உறுதியும் இல்லை என்று உள்ளே போய் மேனேஜரிடம் கேட்டுவந்து சொன்னார். எனக்கு உதவ முடியாததில் அவருக்கு உண்மையாகவே வருத்தம். அந்த அம்மாள் மட்டும் ஏதோ பெரிய ஏமாற்றிலிருந்து தப்பித்தவர்போல எனக்கு நன்றி சொல்லிவிட்டு, ஒன்றும் வாங்காமல் போனார்.

பிறகு இன்டர்நெட்டில் பார்த்து, தீப்பெட்டி அளவில் ஒரு டப்பா வரவழைத்தேன். ஒரு பக்கம் மூன்று வட்ட ஓட்டை, மறுபக்கம் புது டி.வி.க்கு ஏற்ற தட்டை வாய். செருகினேன். டி.வி. கறுப்பாகவே இருந்தது. வயரை மாற்றினேன், பின்னைத் துடைத்தேன், மஞ்சளை வெள்ளையிலும் வெள்ளையைச் சிவப்பிலும் செருகிப் பார்த்தேன். இரண்டு நாள் இதே வேலை. காரில் ரிவர்ஸ் எடுக்கும்போது பின்பக்கம் தெரிகிற திரை இருக்கிறதே, அதற்கும் மஞ்சள் பின்தான் என்று எங்கேயோ படித்துவிட்டு என் கணவரிடம் சொன்னேன்.

"காரைப் பிரிக்கப் போறியா? அக்கா ஒரு பக்கம், நீ ஒரு பக்கம்" என்று சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

கடைசியில் தச்சநல்லூரில் கண்காணிப்பு கேமரா விற்கும் கடை ஒன்றுக்கு டப்பாவைக் கொண்டுபோனேன். கடைக்காரருக்கு நாற்பது வயதிருக்கும். கையில் வாங்கியதும் திருப்பிக் காட்டினார். மேலே சின்னதாக ஓர் அம்புக்குறி.

"யக்கா, இது ஒருவழிப் பாதை. புதுசுல இருந்து பழசுக்குப் போறது. நீங்க பழசுல இருந்து புதுசுக்குல்லா போகணும்? எதிர்த்திசையில வண்டிய விட்டிருக்கிய."

"அண்ணாச்சி, ரெண்டும் பாக்க ஒண்ணு போலத்தானே இருக்கு?"

"அதான எங்க பொழப்பு" என்று சொல்லி, சரியான டப்பாவை எடுத்துக் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் படம் வந்துவிட்டது. நான் ஒரு சத்தம் போட்டேன், இவர் அடுப்படியிலிருந்து ஓடி வந்தார். ஐம்பத்தைந்து அங்குலத்தில் எங்கள் கல்யாண மண்டபம். பழைய குண்டு டி.வி.யில் உருண்ட படம் இதில் ஆடாமல் நின்றது. மேளச் சத்தம் ஸ்பீக்கரைக் கிழித்தது. போய்ச் சேர்ந்தவர்கள் எல்லாம் வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். என் கணவருக்குத் தலை நிறைய முடி. இவர் அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆனால் படம் கறுப்பு வெள்ளையில் இருந்தது. அதுதான் வினையாகிவிட்டது. இரண்டு நாத்தனாருக்கும் மனத்தாங்கல் வரக்கூடாது என்று மாமியார் ஒரே கடையில், ஒரே கரையில், ஒரே மாதிரிப் பட்டு எடுத்திருந்தார். மதினிக்கு அரக்கு, பெரியப்பா மகளுக்குப் பச்சை. கறுப்பு வெள்ளையில் அரக்கும் சாம்பல், பச்சையும் சாம்பல். இவர் தாலியைக் கட்டுகிறார், மாமியார் கூட்டத்தில் யாரையோ கையைப் பிடித்து முன்னால் இழுத்து விடுகிறார், ஒரு சாம்பல் சேலை எனக்குப் பின்னால் குனிந்து முடிச்சுப் போடுகிறது. கேமராவுக்கு முதுகுதான் தெரிகிறது. ஓரத்தில், மணவறைக் காலுக்குப் பின்னால், விளக்குப் பிடித்த ஒரு கை. அது யாருடையது என்றும் தெரியவில்லை.

அதற்கு அடுத்து வந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. மாலைக்கு மேலே குனிந்திருந்த என் தலை நிமிர்ந்தது. நான் திரும்பினேன். முடிச்சுப் போட்டவளின் முகத்தை, ஒரு சாண் தூரத்திலிருந்து, நன்றாகப் பார்த்தேன். பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டேன்.

இவர் கவனிக்கவில்லை. திரையில் இருந்த தன் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ரிமோட்டைத் தேடுகிற சாக்கில் எழுந்து போனேன். திரும்பிப் பார்த்த ஞாபகமே எனக்கு இல்லை. சத்தியமாக இல்லை. இவர் தூங்கப் போனதும் நான் தனியாக அந்த இடத்தை நாலைந்து தடவை ஓட்டிப் பார்த்தேன். என் முகம் தெளிவாகத் தெரிகிறது, நான் யாரைப் பார்த்தேன் என்பது மட்டும் தெரியவில்லை. சேலை அரக்கு என்றால் நான் சொன்னது உண்மை, மதினி இறங்கி வரவேண்டும். பச்சை என்றால் பார்த்தும் பொய் சொன்னவள் நான். அந்த வயதில் நான் எப்படிப்பட்டவளாக இருந்தேன் என்று ஒரு டப்பாவைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலைமை. பயமாக இருந்தது. அதைவிட, என்னவென்று தெரிந்தே ஆக வேண்டும் என்றும் இருந்தது.

மறுநாள் தச்சநல்லூர்க் கடைக்காரருக்குப் போன் போட்டு, கலர் வராததையும் கேமரா வந்த ஊரையும் சொன்னேன்.

"அமெரிக்கா கேமராவா? முதல்லயே சொல்லக்கூடாதா யக்கா? அந்த ஒரு மஞ்சள் வயர்ல வெளிச்சமும் போகுது, கலரும் போகுது. வெளிச்சத்தை இந்தப் பொட்டி எப்படியும் படிச்சிரும். கலரை அமெரிக்காக்காரன் வேற முறையில எழுதுதான், நம்ம ஊர்ல வேற முறை. நான் தந்த பொட்டிக்கு நம்ம ஊரு கலர் மட்டும்தான் தெரியும்."

"அப்ப கேமரா கெடலையா?"

"கேமரா நல்லாத்தான் இருக்கு. உங்க பழைய டி.வி.க்கு அந்த முறை தெரியாது, அதான் உருண்டிருக்கும்."

இருபத்தாறு வருஷம் ஒரு நல்ல கேமராவைக் கெட்டது என்று சொல்லித் துணி சுற்றி வைத்திருந்தோம். கடைக்காரர் ஒரு வழியும் சொன்னார். பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய தட்டை டி.வி. எதுவும் கிடைத்தால் பாருங்கள், அதில் மஞ்சள் ஓட்டையும் இருக்கும், இரண்டு முறையும் தெரிந்திருக்கும், தானாகவே கண்டுபிடித்துக்கொள்ளும் என்றார்.

சொந்தக்காரர்களின் வாட்ஸாப் குழுவில் எழுதினேன்: "அனைவரும் தங்கள் வீட்டு டி.வி.யின் பின்பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பவும். அவசரம்." எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று இரண்டு பேர் தனியாகப் போன் போட்டு விசாரித்தார்கள். பிறகு போட்டோக்கள் வர ஆரம்பித்தன. ஒட்டடை, பல்லி முட்டை, காணாமல் போன ரிமோட். ஒருவர் வீட்டில் டி.வி.க்குப் பின்னால் மகனின் மார்க் ஷீட் அகப்பட்டு அங்கே தனிக் கச்சேரி நடந்தது. மஞ்சள் ஓட்டை மட்டும் யாரிடமும் இல்லை. எல்லோரும் போன ஐந்து வருஷத்துக்குள் டி.வி. மாற்றியிருந்தார்கள்.

இரண்டாம் நாள் மத்தியானம் இன்னொரு போட்டோ வந்தது. அந்தக் குழுவில் மதினியும் இருக்கிறார் என்பதையே நான் மறந்திருந்தேன். யாரோ சேர்த்துவிட்டிருக்கிறார்கள், அவர் இதுவரை ஒரு காலை வணக்கம்கூடப் போட்டதில்லை. ஈரத்துணியால் துடைத்துவிட்டு எடுத்த போட்டோ. மஞ்சள், வெள்ளை, சிவப்பு, மூன்றும் வரிசையாக. கீழே இரண்டு வார்த்தை: "இங்கன இருக்கு."

எனக்கு வந்த முதல் யோசனையை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். கேசட்டில் பூஞ்சை பிடித்துவிட்டது, ஓடவில்லை என்று சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். முதலில் வேறு எங்காவது தனியாகக் கலரில் பார்த்துவிட்டு, பச்சை என்றால் பூஞ்சை, அரக்கு என்றால் வள்ளியூர் என்றுகூடக் கணக்குப் போட்டேன். ஆனால் வேறு டி.வி. இல்லை. தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் அவரோடு உட்கார்ந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இவர் வர மறுத்துவிட்டார். "நீ அன்னைக்கே சொல்லிட்டே. உன் வார்த்தையை நம்பித்தான் நான் அக்காகூட மல்லுக்கு நின்னேன். இன்னும் எதுக்குப் போய்க் காட்டணும்? நீ வேணும்னா போயிட்டு வா" என்றார். கேமராவை ஒரு கட்டைப்பையில் வைத்து, மேலே பத்திரிகையும் குங்குமச் சிமிழும் வைத்து, புது பஸ் ஸ்டாண்டில் நாகர்கோவில் பஸ் ஏறினேன். வள்ளியூர் வரைக்கும் பை மடியிலேயே இருந்தது.

மதினிக்கு முடி முழுக்க நரைத்திருந்தது. கதவைத் திறந்து, "வா" என்றார். தண்ணீர் கொடுத்தார். டி.வி.யை ஏற்கெனவே சுவரிலிருந்து தள்ளி, முதுகு தெரியும்படி திருப்பி வைத்திருந்தார். நான் மஞ்சளை மஞ்சளில், வெள்ளையை வெள்ளையில், சிவப்பைச் சிவப்பில் செருகினேன். அத்தனை அலைச்சலுக்குப் பிறகு அது அவ்வளவு சுலபமாக இருந்தது. இரண்டு பேருமாக டி.வி.யை முகம் தெரியத் திருப்பினோம்.

படம் வந்தது. முதலில் சாம்பலாகத்தான் வந்தது. இரண்டு தடவை துடித்தது. பிறகு, யாரும் எதையும் தொடாமல், கூட்டத்தில் இருந்த பெண்களின் தலையில் கனகாம்பரம் சிவக்க ஆரம்பித்தது. வாழை மரம் பச்சையானது. நான் எதற்காக வந்திருக்கிறேன் என்பதை மறந்து "வந்துட்டு மதினி!" என்று கத்திவிட்டேன்.

மாப்பிள்ளை தாலியை எடுத்தார். மாமியாரின் முகத்தில் நேரம் தவறிவிடுமோ என்ற பதற்றம். பக்கத்தில் நின்றவளின் கையைப் பிடித்து முன்னால் இழுத்தார். எனக்குப் பின்னால் குனிந்த சேலை பச்சை. தளிர்ப் பச்சை. சந்தேகத்துக்கே இடமில்லை. ஓரத்தில் மணவறைக் காலுக்குப் பின்னால் விளக்குப் பிடித்திருந்த கை அரக்குச் சேலைக்காரியுடையது. அந்தக் கை விளக்கை யாரிடமாவது கொடுத்துவிட்டு வருவதற்காக நீண்டுகொண்டே இருந்தது. வாங்க யாரும் இல்லை. நான் தலையை நிமிர்த்தினேன், திரும்பினேன், பச்சைச் சேலைக்காரியின் முகத்தைப் பார்த்தேன், குனிந்துகொண்டேன்.

மதினி கேமராவை நிறுத்தச் சொன்னார். நிறுத்தினேன்.

"ஏளா, நீ பாத்திருக்கே" என்றார்.

"நான் மதினின்னுதான்..." என்று ஆரம்பித்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பேச்சை மேலே கொண்டுபோக எனக்கே அருவருப்பாக இருந்தது. "பாத்திருக்கேன் மதினி. உங்களை இல்லை, அவங்களைத்தான் பாத்திருக்கேன். அத்தை கேட்டப்போ பயந்துட்டேன். வந்த அன்னைக்கே அவங்களை எதுத்துப் பேச முடியலை. அந்தச் சொல்லுக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டேன். தப்பு என்னுதுதான்."

அழுவார், திட்டுவார் என்று நினைத்தேன். அவர் ஒரு பெருமூச்சு விட்டார், பாரத்தை இறக்கி வைத்தவர்போல.

"எனக்கே சந்தேகம் வந்துட்டு தெரியுமா? அம்மாவும் சொல்லுதா, தம்பியும் சொல்லுதான், ஊரே சொல்லுது. ஒருவேளை நான்தான் போட்டுட்டு மறந்துட்டேனோ, எனக்குத்தான் புத்தி பிசகிட்டோன்னு எத்தனை நாள் உக்காந்து யோசிச்சிருக்கேன். யாருமே பாக்கலைன்னு நெனச்சேன். நீ பாத்திருக்கே." டி.வி. பக்கம் திரும்பினார். "அம்மா உசுரோட இருக்கும்போது சொல்லியிருக்கலாம்லா? ஒரு வார்த்தை. நான் அவகிட்டப் பேசியிருப்பேன்."

நான் அழுதேன், அவர் தடுக்கவில்லை.

வயரை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பையில் வைத்தேன். பத்திரிகை கையில் தட்டுப்பட்டது. அதை எடுக்கக் கை வரவில்லை, அழைக்க வாயும் வரவில்லை. அவரே பார்த்துவிட்டார்.

"பத்திரிகையா? உள்ள வை. ஒத்தையில வந்து அழைச்சா நான் எடுக்க மாட்டேன். கூடப்பிறந்தவ வீட்டுக்கு ரெண்டு பேருமாச் சேந்து வந்து அழைக்கணும், அதான முறை? அவனைக் கூட்டிட்டு வா."

"இந்த கேசட்டை இங்கேயே வச்சிட்டுப் போறேன் மதினி. அவங்க வந்து இந்த டி.வி.யில பாக்கட்டும்."

"கேசட்ட எடுத்துட்டுப் போ. அவன் படம் பாத்து எனக்கு ஆக வேண்டியது ஒண்ணும் இல்ல. உன் வாயால கேட்டுத்தான் என்னை வெறுத்தான். உன் வாயால சொல்லிக் கூட்டிட்டு வா."

வீட்டுக்கு வந்து சேரும்போது விளக்கு வைத்துவிட்டார்கள். இவர் கேட்டைத் திறந்து, கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு, ஆவலை அடக்க முடியாமல் கேட்டார்.

"கலர் வந்துச்சா?"

"வந்துச்சு" என்றேன். "உள்ள வந்து உக்காருங்க. அன்னைக்கு நான் திரும்பிப் பாத்தேன்."